செல் சவ்வின் புரதங்கள்: வேலியில் இருக்கும் படல்களைப் பற்றிய கேள்விகளும் பதில்களும்

ஈரோடு மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். பிளாஸ்மா சவ்வுப் பாடம் வரும்போதெல்லாம் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டவற்றையும், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் பள்ளிக்கு வந்தபோது கேட்டவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பாடப்புத்தகத்தின் வரிசையில் எழுதவில்லை. அதிகம் கேட்கப்பட்டதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பிளாஸ்மா சவ்வு என்பது செல்லின் தோல்தானே? அதில் புரதத்துக்கு என்ன வேலை?

தோல் என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். காங்கேயம் பக்கம் கொறங்காடு பார்த்திருப்பீர்கள். மேய்ச்சல் காட்டைச் சுற்றிலும் கிளுவை வேலி. மாடு அதைத் தாண்டாது. ஆனால் வேலியை மட்டும் போட்டுவிட்டால் மாட்டை உள்ளே ஓட்டவும் முடியாது, மாலையில் பட்டிக்குத் திருப்பவும் முடியாது. அதற்காகத்தான் ஓரிடத்தில் படல் வைக்கிறோம். படலை யார், எப்போது திறக்கிறார் என்பதில்தான் காட்டுக்காரரின் பிழைப்பே இருக்கிறது.

செல்லுக்கு வேலி, பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டை அடுக்கு. தடிமன் ஏறக்குறைய 7 முதல் 8 நானோமீட்டர். இப்படிப் பதிமூன்றாயிரம் சவ்வுகளை அடுக்கினால்தான் ஒரு காகிதத்தின் தடிமன் வரும். ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் இந்தக் கொழுப்பின் ஊடாகத் தாமாகவே போய்விடும். மின்னேற்றம் பெற்ற அணுக்களான சோடியம், பொட்டாசியம் அயனிகளும், குளுக்கோஸும், அமினோ அமிலமும் போக முடியாது. அவற்றுக்குப் படல் வேண்டும். படல் எல்லாமே புரதம்.

பொதுவாகப் பிளாஸ்மா சவ்வின் எடையில் பாதி புரதம். ஒரு புரதம் ஒரு கொழுப்பு மூலக்கூறைவிட மிகப் பெரியது என்பதால், எண்ணிக்கையில் பார்த்தால் ஐம்பது கொழுப்புக்கு ஒரு புரதம் என்று வரும். நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறையில் புரதம் கால் பங்கைத் தாண்டாது. அதன் வேலை மின்காப்பு மட்டுமே. செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்விலோ முக்கால் பங்கு புரதம். சவ்வைப் பார்த்தவுடன் புரதம் எவ்வளவு என்று கேளுங்கள். அது எவ்வளவு பாடுபடுகிறது என்பது தெரிந்துவிடும்.

எண்ணெய் போன்ற கொழுப்புக்குள் புரதம் எப்படி நிற்கிறது?

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சரம். சில அமினோ அமிலங்கள் நீரை விரும்பும், சில வெறுக்கும். நீரை வெறுக்கும் இருபது அமினோ அமிலங்கள் தொடர்ந்து வந்து சுருள்போல் முறுக்கிக்கொண்டால், அந்தச் சுருளின் நீளம் சவ்வின் கொழுப்புப் பகுதியைக் கடக்கச் சரியாக இருக்கும். அதுவே அதன் நங்கூரம். சில புரதங்கள் ஒரே முறை கடக்கின்றன, சில ஏழு முறை, சில பன்னிரண்டு முறை.

ஒரு செய்தியை மட்டும் மறக்காதீர்கள். ஒருமுறை பதிந்த புரதம் தலைகீழாகப் புரளாது. வெளிப்பக்கம் எப்போதும் வெளிப்பக்கம்தான். இந்தத் திசை ஒழுங்கு இல்லாவிட்டால் கீழே சொல்லப்போகும் எதுவுமே நடக்காது.

புரதங்கள் ஓரிடத்திலேயே நிற்குமா, நகருமா?

புரளாது, ஆனால் பக்கவாட்டில் நகரும். 1970இல் ஃப்ரை, எடிடின் என்னும் இருவர் எலியின் செல்லையும் மனிதச் செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். எலிப் புரதங்களுக்கு ஒரு நிறம், மனிதப் புரதங்களுக்கு வேறு நிறம் என்று ஒளிரும் சாயம் ஏற்றியிருந்தார்கள். தொடக்கத்தில் பாதிப் பாதியாகத் தெரிந்த நிறங்கள், உடல் வெப்பநிலையில் நாற்பது நிமிடங்களில் முழுவதும் கலந்துவிட்டன. குளிரில் வைத்தபோது கலக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1972இல், சிங்கரும் நிக்கல்சனும் பாய்ம மொசைக் மாதிரியை வெளியிட்டார்கள். நீங்கள் தேர்வில் வரையும் படம் அவர்களுடையது.

எல்லாப் புரதமும் இப்படித் திரிவதில்லை. சிவப்பணுவில் ஸ்பெக்ட்ரின் என்னும் புரதம் சவ்வின் உட்பக்கம் வலைபோல் விரிந்திருக்கிறது. சவ்வுக்குள் பதிந்த சில புரதங்கள் அந்த வலையோடு கட்டப்பட்டிருக்கின்றன. தன்னைவிடக் குறுகலான நுண்குழாயில் சிவப்பணு நசுங்கிப் போய், மறுபக்கம் வந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்புவது இந்த வலையால்தான். வலையோ கட்டோ பழுதானால் அணுக்கள் உருண்டையாகி மண்ணீரலில் சிக்கி உடைகின்றன. அது பரம்பரையாக வரும் ஓர் இரத்தசோகை நோய்.

கால்வாய்ப் புரதமும் அயனியைக் கடத்துகிறது, பம்ப்பும் கடத்துகிறது. பிறகு ஏன் இரண்டு பெயர்?

மிக அதிகமாகக் குழம்பும் இடம் இது. நம் ஊரிலேயே விடை இருக்கிறது.

காலிங்கராயன் வாய்க்கால் பவானியில் தொடங்கி நொய்யல் வரை தானே ஓடுகிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போவதால் யாரும் தள்ள வேண்டியதில்லை. மதகைத் திறந்தால் வயலுக்குப் பாயும், அடைத்தால் நிற்கும். கால்வாய்ப் புரதம் அந்த மதகு. எந்தப் பக்கம் அயனி அதிகமோ அங்கிருந்து குறைவான பக்கத்துக்கு, மின்னழுத்தமும் இசைந்தால், வழிவிடும். ஆற்றல் செலவு இல்லை. திறந்திருக்கும் ஒரே ஒரு பொட்டாசியக் கால்வாய் வழியாக நொடிக்கு ஒரு கோடிக்கும் மேலான அயனிகள் போகும்.

கிணற்றிலிருந்து மேலே ஏற்ற வேண்டும் என்றால் மதகு உதவாது. மோட்டார் வேண்டும், கரண்ட் வேண்டும். பம்ப் புரதம் அதுதான். குறைவான பக்கத்திலிருந்து அதிகமான பக்கத்துக்குத் தள்ளுகிறது, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறைச் செலவழிக்கிறது.

ஆனால் உள்ளே நடப்பதைப் பார்த்தால், மோட்டாரைவிட, மாடு கட்டி நீர் இறைத்த அந்தக் காலத்துக் கவலை ஏற்றத்தைத்தான் நினைக்கத் தோன்றுகிறது. நீர் மொள்ளும் சால் கிணற்றுக்குள் இருக்கும்போது அதற்கு வாய்க்காலோடு தொடர்பில்லை. மேலே வந்து கொட்டும்போது கிணற்றோடு தொடர்பில்லை. சோடியம்-பொட்டாசியம் பம்ப்பும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் திறக்காது. உட்பக்கம் திறந்து மூன்று சோடியத்தை ஏற்றிக்கொள்ளும். ஏடிபியிலிருந்து பாஸ்பேட் வந்து ஒட்டியதும் வடிவம் மாறி, வெளிப்பக்கம் திறந்து அவற்றைக் கொட்டும். அங்கேயே இரண்டு பொட்டாசியத்தைப் பிடிக்கும். பாஸ்பேட் விலகியதும் திரும்பவும் உட்பக்கம் திறந்து அவற்றை இறக்கும். கவலை மாடு பின்னோக்கி நடந்து, முன்னோக்கி இழுத்து, மறுபடி பின்னோக்கி நடப்பதுபோல ஓயாமல் நடக்கிறது. நொடிக்குச் சில நூறு அயனிகள்தான். மதகின் வேகத்தோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனாலும் மேட்டையும் பள்ளத்தையும் உண்டாக்கி வைப்பது இந்தப் பம்ப்தான். அது நின்றுவிட்டால் மதகு திறந்திருந்தும் பயனில்லை.

ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது நம் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்த ஒரு பம்ப்புக்கே போகிறது. நண்டின் கால் நரம்புகளை ஆராய்ந்து 1957இல் இதைக் கண்டறிந்தவர் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், நோபல் பரிசு கிடைத்தது.

சோடியம் பொட்டாசியத்தைவிடச் சிறியது. பிறகு ஏன் அது பொட்டாசியக் கால்வாய்க்குள் நுழைவதில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவியை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தேன். நீண்ட காலம் அறிவியலாளர்களை அலைக்கழித்த கேள்வி இது.

கரைசலில் எந்த அயனியும் தனியாக இருப்பதில்லை. நீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து பிடித்திருக்கும். கால்வாய் மிகக் குறுகல். நீரைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய முடியும். பொட்டாசியக் கால்வாயின் சுவரில் ஆக்சிஜன் அணுக்கள், பொட்டாசியத்தைச் சூழ்ந்திருந்த நீர் எந்தத் தொலைவில் நின்றதோ அதே தொலைவில் அமைந்திருக்கின்றன. பொட்டாசியத்துக்கு எதையும் இழந்ததாகத் தெரிவதில்லை. சிறிய சோடியத்துக்கோ அந்த ஆக்சிஜன்கள் எட்டாது. நீரை விட்டுவிட்டு வருவதில் அதற்கு லாபமில்லை, அதனால் வெளியே நின்றுவிடுகிறது. ராடரிக் மெக்கின்னன் 1998இல் இந்தக் கால்வாயின் வடிவத்தையே படம்பிடித்துக் காட்டினார்.

அரளியை ஆடு கடித்தால் செத்துவிடும் என்கிறார்களே, அதற்கும் இந்தப் பாடத்துக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. ஆடு மேய்க்கும் பெரியவர்கள் செவ்வரளிப் பக்கம் ஆட்டை அண்டவிட மாட்டார்கள். அரளியில் இருக்கும் நஞ்சு மேலே சொன்ன சோடியம்-பொட்டாசியம் பம்ப்பின் வெளிப்பக்கத்தில் போய் ஒட்டி அதை நிறுத்துகிறது. இதயத் தசைச் செல்லுக்குள் சோடியம் பெருகுகிறது. அதனால் கால்சியம் வெளியேறுவது குறைந்து உள்ளே தங்குகிறது. துடிப்பு தாறுமாறாகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த டிஜாக்சின் என்னும் மருந்தை மிகச் சிறிய அளவில் மருத்துவர்கள் இதய நோயாளிகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒரே படல்தான், எவ்வளவு அடைக்கிறோம் என்பதில் உயிர் தொங்குகிறது. வீட்டில் அரளி வைத்திருப்பவர்கள் குழந்தைகளும் கால்நடைகளும் அதை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீர் எப்படிச் செல்லுக்குள் போகிறது?

கொழுப்பின் ஊடாகக் கொஞ்சம் கசியும். ஆனால் சிவப்பணுவுக்கும் சிறுநீரகத்துக்கும் அந்தக் கசிவு போதாது. அமெரிக்காவின் பீட்டர் ஆக்ரே, இரத்த வகையோடு தொடர்புடைய ஆர்.எச். புரதத்தைப் பிரித்தெடுக்க முயன்றபோது, கேட்காத விருந்தாளியாக இன்னொரு புரதம் கூடவே வந்தது. அது என்ன என்று அவர் விடாமல் தேடினார். 1992இல் தவளை முட்டைக்குள் அந்தப் புரதத்தை உருவாகச் செய்து, முட்டையை நன்னீரில் போட்டார். சாதாரண முட்டை அப்படியே கிடந்தது. புரதம் பெற்ற முட்டை சில நிமிடங்களில் உப்பி வெடித்தது. அந்தப் புரதத்துக்கு அக்வாபோரின் என்று பெயர். நொடிக்கு முந்நூறு கோடி நீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒற்றை வரிசையில் அதன் வழியே போகின்றன. ஹைட்ரஜன் அயனி ஒன்றுகூட நுழைவதில்லை. 2003இல் ஆக்ரேயும் மெக்கின்னனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

திருப்பூர் சாயப்பட்டறைகளில் இருக்கும் ஆர்.ஓ. சவ்வும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது பாலிமரில் செய்தது, உயிரற்றது. உப்புநீரிலிருந்து நல்ல நீரைப் பிழிந்தெடுக்க மோட்டார் கொடுக்கும் கடும் அழுத்தம் வேண்டும்.

இரத்த வகை என்பது சவ்வுப் புரதம்தானா?

பாதி சரி. ஏ, பி என்பவை புரதமல்ல. சவ்வின் புரதங்களிலும் கொழுப்புகளிலும் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனி. ஒரே ஒரு சர்க்கரை மாறுவதில்தான் ஏ வேறு, பி வேறு. ஆர்.எச். பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது மட்டும் உண்மையிலேயே புரதம். 417 அமினோ அமிலங்கள் கொண்ட, சவ்வைப் பன்னிரண்டு முறை கடக்கும் டி புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போடுவது, குழந்தையின் டி புரதத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்காமல் தடுப்பதற்காகத்தான்.

பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிட்டால் வாய் எரிகிறது. தண்ணீர் குடித்தாலும் அடங்குவதில்லையே, ஏன்?

நாக்கின் நரம்பு நுனிகளின் சவ்வில் டிஆர்பிவி1 என்னும் கால்வாய்ப் புரதம் இருக்கிறது. 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் திறந்துகொண்டு, “சுடுகிறது” என்று மூளைக்குச் சொல்வதே அதன் வேலை. மிளகாயின் கேப்சைசின் அதே புரதத்தில் போய் உட்கார்ந்து அதைத் திறந்துவிடுகிறது. அதனால்தான் காரத்தை நாம் சுவை என்று சொல்லாமல் எரிச்சல் என்று சொல்கிறோம். மூளைக்கு அது சூடுதான். டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் 1997இல் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தது. 2021இல் நோபல் பரிசு.

கேப்சைசின் நீரில் கரையாது. பாலிலும் தயிரிலும் இருக்கும் கேசின் புரதம் அதைப் பிடித்து விலக்கும். கிள்ளிப் போட்ட வரமிளகாய் மணக்க மணக்க வரும் அந்தத் தட்டோடு ஒரு தம்ளர் மோரை வைக்கும் வழக்கம் சரியான வழக்கம்.

நாமக்கல் கோழிக்கு இந்தத் தொல்லை இல்லை. கோழியின் டிஆர்பிவி1 சூட்டுக்குத் திறக்கும், கேப்சைசினுக்குப் பெரும்பாலும் அசையாது. புரதத்தில் சில அமினோ அமிலங்கள் வேறாக இருப்பதுதான் காரணம். கிளி மிளகாய்ப் பழத்தை நிதானமாகக் கொத்துவதும் இதனால்தான். விதையை மெல்லாமல் தூரத்தில் எச்சமிடும் பறவையை மிளகாய்ச் செடி விரட்டுவதில்லை.

வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் ஏன் சேர்த்துக் கொடுக்கிறார்கள்? தண்ணீர் மட்டும் போதாதா?

போதாது. சிறுகுடல் செல்லின் சவ்வில் எஸ்ஜிஎல்டி1 என்னும் கடத்திப் புரதம் இருக்கிறது. அது இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் வழிவிடும். சோடியம் தனியாக வந்தாலும், குளுக்கோஸ் தனியாக வந்தாலும் பெரிதாக நகராது. இரண்டும் உள்ளே போனால் நீர் பின்னாலேயே போகும். காலராவில் வேறொரு கால்வாய்ப் புரதம் ஓயாமல் திறந்து குளோரைடையும் நீரையும் குடலுக்குள் கொட்டிக்கொண்டிருக்கும். அப்போதும் எஸ்ஜிஎல்டி1 பழுதாவதில்லை. அந்த ஒரு திறந்த படலைப் பயன்படுத்துவதுதான் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல்.

1971இல் வங்கதேசப் போர் அகதிகள் நிறைந்திருந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலநாபிஸ் இந்தக் கரைசலைக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. பாக்கெட் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்தது. உப்பு கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். அதிக உப்பு ஆபத்து.

பி.டி. பருத்தியைத் தின்றால் புழு சாகிறது. நாம் ஏன் சாவதில்லை? இப்போது புழுவும் சாவதில்லையே?

ஒரு மாணவியின் தந்தை, பருத்தி போட்டு நட்டப்பட்டவர், மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட வந்தவர், கேட்டார். முக்கால் மணி நேரம் பேசினோம்.

மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்ஜியன்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்னும் பாக்டீரியாவிலிருந்து எடுத்த மரபணு, பருத்திச் செடியில் கிரை1ஏசி என்னும் புரதத்தை உண்டாக்குகிறது. காய்ப்புழுவின் குடல் காரத்தன்மை உடையது. அங்கே இந்தப் புரதம் வெட்டப்பட்டுக் கூர்மை பெறுகிறது. பிறகு குடல் செல்லின் சவ்வில் நிற்கும் கேடெரின் போன்ற ஏற்பிப் புரதங்களைப் பற்றுகிறது. பற்றியபின் பல மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து சவ்வில் துளையிடுகின்றன. செல் உப்பி உடைகிறது. புழு தின்பதை நிறுத்திச் சாகிறது. நம் வயிறு அமிலம். அதில் இந்தப் புரதம் செரித்துவிடும். அதைவிட முக்கியமாக, அது பற்றிக்கொள்ளும் ஏற்பி நம் குடலில் இல்லை. கொக்கி மாட்ட வளையம் இல்லை.

இந்தியாவில் 2002இல் அனுமதி கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே இளஞ்சிவப்புக் காய்ப்புழு தப்பிக்கத் தொடங்கியது. தப்பித்த புழுக்களில் பலவற்றில் அந்தக் கேடெரினின் மரபணு மாறியிருந்தது. வளையத்தின் வடிவம் மாறியதால் கொக்கி மாட்டவில்லை. இது நடக்கும் என்று முன்பே தெரிந்துதான் 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதைப் பாக்கெட்டும் கொடுத்தார்கள். அதை வரப்போரம் விதைத்தால் சாதாரணப் புழுக்கள் உயிரோடு இருக்கும். எதிர்ப்புப் பெற்ற புழுவோடு அவை இணைந்து அந்தக் குணத்தை நீர்த்துப்போகச் செய்யும். பெரும்பாலோர் அந்தப் பாக்கெட்டை விதைக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “புழுவை வளர்க்க நிலம் ஒதுக்கு” என்றால் யார் கேட்பார்கள்? காரணத்தை உட்கார்ந்து விளக்க ஆளில்லை. அந்தத் தந்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நாலு வரிசை விட்டிருப்பேனே, டீச்சர்” என்றார்.

நொய்யல் கரையில் உப்பேறிய நிலத்தில் பயிர் ஏன் காய்கிறது? ஈரம் இருக்கிறதே?

சாயமேற்ற உப்பு டன் கணக்கில் வேண்டும். அந்த உப்பு ஆற்றில் சேர்ந்து ஒரத்துப்பாளையம் அணையிலும் கிணறுகளிலும் தேங்கியது. சுத்திகரிப்பு முழுமையாகும் வரை பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

செடிக்கு நம்மைப்போல் சோடியம்-பொட்டாசியம் பம்ப் கிடையாது. வேர்ச் செல்லின் சவ்வில் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும் பம்ப் இருக்கிறது. அந்த ஹைட்ரஜன் திரும்பி உள்ளே வரும் வேகத்தைக் கொண்டு, எஸ்ஓஎஸ்1 என்னும் இன்னொரு புரதம் சோடியத்தை வெளியே தள்ளுகிறது. வெளியே உப்பு அளவுக்கு மீறினால் செடி இறைத்து இறைத்தே சோர்ந்துவிடும். மண்ணீரில் உப்பு மிகுந்திருப்பதால் நீரை உறிஞ்சுவதும் கடினமாகிறது. ஈரத்தில் நின்றபடியே வாடுகிறது.

சர்க்கரை நோயாளிகளை நடக்கச் சொல்வது ஏன்?

தசைச் செல்லுக்குள் குளுக்கோஸ் போக குளூட்4 என்னும் புரதம் வேண்டும். அது எப்போதும் சவ்வில் நிற்பதில்லை. செல்லுக்குள் சிறு பைகளில் காத்திருக்கும். இன்சுலின் வந்து சவ்வின் ஏற்பியைத் தொட்டால் பைகள் மேலே வந்து சவ்வோடு இணையும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இந்த அழைப்பு உள்ளே சரியாகக் கேட்பதில்லை. ஆனால் தசை சுருங்கும்போது இன்சுலின் இல்லாமலே குளூட்4 மேலே வருகிறது. நடப்பது வேறொரு வழியாகப் படலைத் திறக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு நடக்கலாம் என்று இதற்குப் பொருளல்ல.

வீட்டிலேயே சவ்வு உடைவதைப் பார்க்க முடியுமா?

முடியும். உடுமலைப் பக்கம் விளையும் பீட்ரூட் ஒன்று போதும். ஒரே அளவில் மூன்று துண்டுகள் நறுக்கி, கழுவும் நீர் தெளியும் வரை கழுவுங்கள். வெட்டுப்பட்ட செல்களின் சாயம் அதோடு போய்விடும். ஒன்றைக் குளிர்ந்த நீரில் போடுங்கள். இரண்டாவதை, விரல் வைக்க முடியாத சூட்டில் உள்ள நீரில் பெரியவர் துணையோடு ஒரு நிமிடம் முக்கி எடுத்து, வேறு குளிர்ந்த நீரில் போடுங்கள். மூன்றாவதைக் கையில் தடவும் சானிடைசரில் போடுங்கள்.

கால் மணி நேரம் பொறுங்கள். பீட்ரூட்டின் சாயம் செல்லின் நடுவில் இருக்கும் நுண்குமிழியில் இருக்கிறது. வெளியே வர அந்தக் குமிழியின் சவ்வையும் பிளாஸ்மா சவ்வையும் தாண்ட வேண்டும். முதல் தம்ளரில் நீர் ஏறக்குறைய தெளிவாகவே இருக்கும். இரண்டாவதில், சூட்டால் புரதங்கள் உருக்குலைந்து கொழுப்பும் தளர்ந்திருப்பதால், துண்டின் அடியிலிருந்து சிவப்பு நூல்நூலாக இறங்கித் தம்ளரின் அடியில் படியும். மூன்றாவதில் ஆல்கஹால் கொழுப்பையே கரைத்துவிடுவதால் துண்டைச் சுற்றி நாற்புறமும் நிறம் பரவும். வெள்ளைச் சுவரின் எதிரே மூன்று தம்ளர்களையும் வைத்துப் பாருங்கள்.